பாதிக் குடத்தில் ஐந்து தேளி

மீனை வாயில் வைக்காத ஒரு மனிதருக்கு மீனால் பெயர் வந்தது என்றால் பூனாகலைப் பக்கத்தில் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். அந்த மலையில் பல விஷயங்கள் அப்படித்தான் நடந்தன. தேயிலை பறிக்கிற கைகளுக்கு நல்ல தேயிலை எட்டாது. குதிரை வைத்திருந்த துரை நடந்தே மலை சுற்றுவார். கடவுளுக்குப் பயப்படாத கங்காணிதான் மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் நிற்பார். இவற்றுக்கு நடுவில் வீரசிங்கம் ஒன்றும் தனிப்பிறவி அல்ல.

அவர் துரை பங்களாவில் கோக்கி, அதாவது சமையற்காரர். சமையலில் பெரிய ஆசை இருந்து அந்த வேலைக்குப் போனவர் அல்லர். குளிருக்குப் பயந்து போனவர். அக்கரையிலிருந்து வந்த புதிதில் மற்றவர்களைப் போல அவரும் விடியற்காலையில் ஆளெடுக்கிற பெரட்டுக்குப் போய், பெயர் கொடுத்து, மண்வெட்டியோடு மலையேறினார். பனி அவருடைய முழங்கால்களில் குடிபுகுந்துகொண்டது. ஒரு நாள் பங்களாவுக்கு விறகு சுமந்து போனவர் குசினி அடுப்பைப் பார்த்தார். விறகை இறக்கிவிட்டு அங்கேயே நின்றார். எதையாவது கழுவினார், எதையாவது கிண்டினார், திட்டினால் தலையை ஆட்டினார். பழைய கோக்கி கிழமாகி ஊருக்குப் போனபோது, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த ஆள் என்ற ஒரே தகுதியில் வீரசிங்கம் கோக்கியானார். பிறகு நன்றாகவே சமைத்தார் என்பது வேறு கதை. அடுப்பை விட்டால் பெரட்டு என்று தெரிந்த மனிதன் நன்றாகச் சமைக்காமல் என்ன செய்வான்?

அவரிடம் ஒரு பொய் இருந்தது. பிறந்தது மணப்பாறைக்கு அந்தப் பக்கம், மழை பெய்தால் வீட்டுக்குள் ஓடாமல் வெளியே ஓடிவந்து வேடிக்கை பார்க்கிற கரட்டுக் காட்டில். ஆனால் கேட்பவர்களிடம் எல்லாம் காவிரிக் கரை என்றுதான் சொல்லுவார். "நடக்கப் பழகுறதுக்கு முந்தி நீந்தப் பழகினவன் நானு" என்பார். அவர் மனைவி மாரியாயி அதே ஊர்க்காரி. கொழுந்து எடுக்கிறவள். நாக்கில் தயவு தாட்சணியம் இல்லாதவள்.

"காவிரிதான், காவிரி. ஆட்டுக்குத் தண்ணி காட்ட ரெண்டு ஊரு தாண்டுவோம், அதைச் சொல்லு" என்பாள், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிய லயத்துக்கே கேட்கும்படி.

பொய் சாதுவாகக் கிடந்தது. அதற்குத் தீனி போட்டது துரையின் மனைவி துரைசாணியின் கண்ணாடி மீன்தொட்டி.

தொட்டி கொழும்பிலிருந்து ரயிலில் பண்டாரவளைக்கு வந்து, அங்கிருந்து வண்டியேறி வந்தது. அதில் விட்ட வண்ண மீன்கள் பூனாகலைக் குளிரைப் பார்த்துவிட்டு வரிசையாகக் கண்ணை மூடின. துரைசாணி அழாத குறை. அப்போதுதான் பதுளைக் கடைவீதியிலிருந்து பங்களாவுக்குச் சாமான் கொண்டுவருகிற வண்டிக்கார வியாபாரி தாஸிம் நானா, கீழ்நாட்டுச் சேற்றுக் குளத்திலிருந்து பிடிபட்ட ஆறு மீன்களை ஒரு தகர வாளியில் கொண்டுவந்து இறக்கினார். கறுப்பாக, வழுவழுப்பாக, நாலு பக்கமும் மீசையோடு, ஏதோ அரசாங்கக் கச்சேரிக்கு வந்த முதலியார்மாரைப் போல அவை வாளியின் அடியில் வட்டமிட்டன.

"இது சுங்கான், நோனா. சேத்துல போட்டாலும் உசிரோட ஈக்கும். குளிரும் ஒண்ணு, சூடும் ஒண்ணு இதுக்கு. கையால மட்டும் புடிச்சிராதீங்க. செட்டைக்கிப் பக்கத்துல ரெண்டு முள்ளு ஈக்கி, தேள் மாதிரி" என்று துரைசாணியிடம் சொன்னார்.

தோட்டத்து ஆட்கள் அதைத் தேளி என்று அழைத்தார்கள். யார் தொட்டிக்கு மாற்றுவது என்று துரைசாணி கேட்டாள். பங்களாவில் மேசை வேலை பார்க்கிற அப்பு முருகையா, வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைத் தடவிக்கொண்டு, மிகப் பணிவாகச் சொன்னான்:

"நம்ம கோக்கி அண்ணன் இருக்காருங்களே. காவிரியில பொறந்தவரு. மீனு அவருக்குச் சொந்தக்காரங்க மாதிரி."

வீரசிங்கம் குசினி வாசலில் நின்று இதைக் கேட்டார். இல்லை என்று சொல்ல ஒரு கணம் கிடைத்தது. அந்தக் கணத்தை அவர் மீசையைத் தடவுவதில் செலவழித்துவிட்டார்.

முதலில் வலையைப் போட்டார். மீன் முள்ளை விறைத்துக்கொண்டு வலைக் கண்ணில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் இன்னும் மாட்டியது. வலையைக் கத்தரித்தார். அடுத்த மீனுக்குக் கையில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டார். கொழுந்து எடுக்கிற பெண்கள் செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் கட்டுகிற அதே படங்குச் சாக்கு. செடியைத் தடுக்கிற சாக்கு மீனைத் தடுக்கவில்லை. முள் சாக்கைத் துளைத்து உள்ளங்கைக்குள் இறங்கியது. வீரசிங்கம் போட்ட சத்தத்தில் தொழுவத்தில் குதிரை கனைத்தது.

கை தோள்வரை எரிந்தது. ஆனால் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, வேறு கோக்கி கிடையாது. கண்ணீரோடு சட்டி கழுவப் போனார். பாத்திரம் கழுவுகிற கொதிநீரில் கை முங்கியதும் வலி மெல்ல இறங்கியது. எடுத்தார், ஏறியது. மறுபடி முக்கினார், இறங்கியது. கை பொறுக்கிற சூட்டில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று துரைக்குச் சாப்பாடு பிந்திப் போனது. மறுநாள் யார் கேட்டாலும், "தேளி கொட்டினா வெந்நீரு. காவிரிக் கரையில பச்சப்புள்ளைக்கும் தெரியும்" என்றார்.

இப்படித்தான் அந்த மனிதர் ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு வித்தையைப் படித்தார். துணியும் வலையும் ஆகாது. முள் மாட்ட இடம் கொடுக்காத வழுவழுப்பு வேண்டும். ஆகவே துரைசாணியின் பீங்கான் சூப்புக் கோப்பையைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அகப்பையால் மீனைத் தட்டாமல், அதட்டாமல், கல்யாண வீட்டில் முறைக்கிற சம்பந்தியைப் பந்திக்கு அழைப்பது போலப் பக்குவமாக ஓட்டுவார். மீன் தானாக உள்ளே போகும். கோப்பையைத் தண்ணீரோடு தூக்குவார். தொட்டியைக் கழுவ வேண்டிய நாட்களில் எல்லாம் இந்த வைபவம் நடந்தது. ஒரு கட்டத்தில் மீன்களுக்கே அது பழகிவிட்டது. வீரசிங்கத்துக்கு மட்டும் பழகவில்லை.

இந்த நிலையில்தான் துரைக்கு மாற்றல் வந்தது. பதுளைக்குப் பக்கத்தில் பெரிய தோட்டம். அங்கே பங்களாவில் ஏற்கெனவே ஒரு கோக்கி இருக்கிறானாம். முருகையா கூடப் போவான், குதிரைக்காரன் போவான். வீரசிங்கம் திங்கட்கிழமையிலிருந்து பெரட்டுக்குப் போகலாம் என்று துரை சொன்னார். அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவருக்குப் பெரட்டு என்றால் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போகிற இடம்.

காப்பாற்றியது துரைசாணி. மீன்களை யார் கொண்டுவருவது என்று கேட்டாள். துரை சிரித்தார். "ஆல் ரைட். மீன் உசிரோட வந்தா கோக்கியும் வரட்டும். மீன் செத்தா கோக்கி பெரட்டு" என்று தமிழில் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார்.

செய்தி லயத்துக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. மாரியாயி படங்கை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒன் அடுப்பு மீனு வாயில இருக்கு" என்றாள்.

"கிண்டல் பண்ணாதடி."

"கிண்டல் என்ன? பெரட்டுக்கு வா. ஒனக்கு என் படங்கையே தாரேன்."

சொன்னாளே தவிர, மறுநாள் பங்களாப் படியில் முதலில் வந்து நின்றவள் அவள்தான். பயணத்துக்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது அவள் யோசனை. பயணம் என்றால் நிறைகுடம். அம்மனுக்குத் தீர்த்தக்குடம் எடுப்பது எப்படியோ அப்படி: குடம் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும், வாயில் மாவிலை, மேலே தேங்காய், ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது. மீனுக்கும் நிறையத் தண்ணீர் நல்லதுதானே? இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீரசிங்கத்துக்கும் வரவில்லை. ஒரு மீனைக் குடத்தில் விட்டு, முட்ட முட்ட நிரப்பி, தேங்காயை அழுத்தி வைத்து, மாரியாயி தலையில் ஏற்றினார்கள். அவள் தேயிலை ஸ்டோர் வரைக்கும் போய், தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்று இரண்டு பேரோடு சண்டை போட்டுவிட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் திரும்பி வந்தாள்.

தேங்காயை எடுத்தார்கள். மீன் மல்லாந்து கிடந்தது.

"தண்ணி குளிரு போல" என்றான் முருகையா. குரலில் துக்கம் இருந்தது, முகத்தில் இல்லை.

வீரசிங்கம் துரைசாணியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். உள்ளே என்ன பேச்சு வாங்கினார் என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. வந்தவர் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். மிச்சம் ஐந்து மீன்கள். ஒன்று அடியிலிருந்து விருட்டென்று மேலே வந்தது, நீர்மட்டத்தில் வாயை வைத்து ஒரு மடக்கு எதையோ விழுங்கியது, கீழே போனது. இதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். தீனி கேட்கிறது என்று நினைத்திருந்தார். இப்போது தீனி போட்டார். அது தின்னவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி மேலே வந்து, ஒன்றுமில்லாத ஒன்றை விழுங்கிவிட்டுப் போனது.

தண்ணீருக்கடியில் மூழ்கிய ஆள் எப்படி மேலே வருவானோ, அப்படி வீரசிங்கம் எழுந்து நின்றார்.

"அது மூச்சு விட வருது! நம்ம மாதிரி மூச்சு விடுது! மாரியாயி, அந்த மீனு தண்ணியில முழுகிச் செத்துப் போச்சுடி!"

முருகையா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு ஆடியது. "மீனு முழுகிச் செத்துச்சா? அப்ப குருவி பறந்து செத்துச்சுன்னும் சொல்வீங்களாண்ணே?"

அன்று மாலைக்குள் அது ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்குப் போய், பல்லில்லாதவர்களைக்கூடச் சிரிக்க வைத்தது. வீரசிங்கம் சட்டை செய்யவில்லை. அடி அகலமாக, வாயும் அகலமாக ஒரு மண்சால் தேடிப் பிடித்தார். பாதிக்குத்தான் தண்ணீர் என்றார். மூடியாகத் தென்னோலை முடைந்தார். காற்று போகும், வெளிச்சம் போகாது, இருட்டில் மீன் முள்ளை விறைக்காமல் அடங்கிக் கிடக்கும். பயணத்துக்கு முந்தின நாளிலிருந்து தீனியை நிறுத்தினார், தண்ணீர் கெடாமல் இருக்க. துரைசாணி பதறினாள். "காவிரிக் கரையில இப்படித்தாங்க" என்றார்.

இத்தனைக்கும் மசிந்த மாரியாயி ஒரே இடத்தில் நின்றுகொண்டாள். "பாதிப் பானையோட பயணம் கெளம்புறதா? எழவு வீட்டுக்குக்கூட அப்படிக் கெளம்ப மாட்டாங்க. ஒன் அடுப்பு போறது போதாதுன்னு குடும்பமே போகணுமா?"

"நெறைச்சா மீனு சாகும்டி."

"நெறைக்கலைன்னா நாம சாவோம்."

இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காத இந்தச் சண்டைக்கு மாரியாயியே வழி கண்டாள். பாதிப் பானையை அவர் வண்டியில் வைத்துக்கொள்ளட்டும். அவள் தன் பித்தளைக் குடத்தை நிறைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு கூடவே வருவாள். பார்க்கிற தெய்வம் குடத்தைப் பார்க்கட்டும்.

பண்டாரவளையில் தாஸிம் நானாவின் மாட்டுவண்டி காத்திருந்தது. துரையும் துரைசாணியும் முன்னாலேயே போய்விட்டார்கள். கண்ணாடித் தொட்டியும் போய்விட்டது. வண்டியில் பெட்டிகளுக்கு நடுவே வைக்கோல் பரப்பி, மண்சாலை இரண்டு முழங்காலுக்கும் இடையில் வைத்துக்கொண்டு வீரசிங்கம் உட்கார்ந்தார். எதிரே மாரியாயி, மடியில் குடம். பின்னால் முருகையா, வெள்ளைக் கோட்டோடு.

"என்ன கோக்கி, பொண்டாட்டிய விட மீனதான் இறுக்கிப் புடிச்சிருக்கீங்க" என்றார் தாஸிம் நானா.

"பொண்டாட்டி முழுகிச் சாக மாட்டா நானா."

"அதுக்கும் ஒருநா ஒத்திக பாத்துருவோம்" என்றாள் மாரியாயி.

தெமோதரைக்கு இறங்குகிற வளைவில் சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. 'டொப்' என்று ஒரு சின்னச் சத்தம்தான். கொஞ்ச தூரம் போன பிறகு வீரசிங்கத்துக்குத் தொடை நனைவது தெரிந்தது. சால் அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அந்த மயிரிழை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளை விட்டது.

"நிப்பாட்டுங்க நானா!"

வண்டி நின்றது. தண்ணீர் பலகையிடுக்கில் வழிந்து செம்மண்ணில் இறங்கியது. ஓலையை எடுத்தார். ஐந்து மீன்களும் குறைகிற தண்ணீரில் ஒன்றின்மேல் ஒன்று புரண்டு, முள்ளை விறைத்துக்கொண்டு நின்றன. முருகையா, தன்னை அறியாமலே நல்லவனாகி, பின்னாலிருந்து பாய்ந்தான். "கைல எடுத்து வாளியில போடுங்கண்ணே!" என்று கோட்டு வாலால் ஒரு மீனை அமுக்கினான். அடுத்த கணம் அவன் போட்ட கூச்சலில் மாடுகள் இரண்டடி முன்னால் போயின. கோட்டோடு சேர்ந்து மீனும் வந்தது. வீரசிங்கம் துணியை இழுக்கவில்லை. மீனோடு கோட்டு வாலைச் சாலின் கடைசித் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்து, மீன் அடங்கியதும் துணியைக் கத்தியால் சுற்றி அறுத்தார். துரை கொடுத்த கோட்டு.

வாளியில் குதிரைக்கான கொள்ளு, கொட்டினாலும் அடியில் ஓட்டை. வேறு பாத்திரமில்லை. வீரசிங்கம் நிமிர்ந்து மாரியாயியின் மடியைப் பார்த்தார்.

"மாட்டேன்" என்றாள் அவள், கேட்பதற்கு முன்னாலேயே.

"மாரியாயி."

"நெறைகுடத்தைப் பயணத்துல யாராச்சும் கொட்டுவாங்களா? ஆத்தா கண்ணைப் புடுங்கிரும்யா!"

"பாதி. பாதி மட்டும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பனியில் பெரட்டுக்களத்தில் நின்ற அந்தப் பழைய முகம் அதில் எங்கோ தெரிந்திருக்க வேண்டும். தேங்காயை எடுத்து வைத்தாள். ஆனால் கொட்டவில்லை. குடத்தைத் தூக்கி வாயில் வைத்து, மடக்கு மடக்காகக் குடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு தாஸிம் நானாவைப் பார்த்து, "மாட்டைக் கொண்டாங்க" என்றாள். மாடுகள் குடித்தன. தெய்வத்துக்கு வைத்த தண்ணீரை மண்ணில் கொட்டினால்தானே தோஷம், குடித்தால் பிரசாதம். குடம் பாதியானது.

வீரசிங்கம் மடியிலிருந்து சூப்புக் கோப்பையை எடுத்தார். துரைசாணியின் கோப்பை எப்படி அவர் மடிக்கு வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு மீனாகக் கோப்பைக்குள் அழைத்து, குடத்தின் வாயில் சாய்த்தார். குறுகிய கழுத்து, ஆனால் பாதித் தண்ணீருக்கு மேலே குடத்தின் வயிறு அகன்று கிடந்தது. காதை வைத்துக் கேட்டார். உள்ளே 'பொளக்' என்றது. மூச்சு. மறுபடி 'பொளக்'.

"உசிரு இருக்குடி" என்றார்.

வழியில் ஒரு கடையில் நிறுத்தி, முருகையாவின் கையை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்தார். அவன் கண்ணீரோடு, "அண்ணே, குருவி பறந்தே செத்தாலும் இனி நம்புறேன்" என்றான்.

புதிய பங்களாவில் கண்ணாடித் தொட்டி நிறைந்து தயாராக இருந்தது. துரை, துரைசாணி, புதிய கோக்கி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எல்லோரும் சுற்றி நின்றார்கள். வீரசிங்கம் குடத்தைத் தொட்டித் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கி, படுக்க வைத்தார். கையை எடுத்துவிட்டு நின்றார்.

ஒன்றும் வரவில்லை.

"செத்துப்போச்சா?" என்றார் துரை.

"குடத்தைக் கவுத்துக் கொட்டலாமே" என்றான் புதிய கோக்கி, சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

"கொட்டினா முள்ளு கழுத்துல மாட்டும்" என்றார் வீரசிங்கம்.  அவர் கை குடத்தை நெருங்கவில்லை. அவசரப்படாமல் நிற்பதுதான் அந்த வித்தையிலேயே கடினமான பாகம்.

முதலில் ஒரு மீசை வந்தது. பிறகு மற்ற மீசைகள். பிறகு கறுப்பாக, வழுவழுப்பாக, கச்சேரிக்கு நேரமாகிவிட்ட முதலியாரைப் போல முதல் தேளி வெளியே வந்து, நேராக மேலே போய், ஒரு மடக்கு விழுங்கியது. துரைசாணி கைதட்டினாள். அடுத்தது வந்தது. அடுத்தது. கோட்டுத் துணியில் மாட்டிய மீன் முள்ளில் ஒரு வெள்ளை நூலோடு வந்தது. ஐந்தாவது கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. கணக்கப்பிள்ளை தன்னை மறந்து "சபாஷ்" என்றுவிட்டு, துரையைப் பார்த்து அடங்கினார்.

துரை சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார். வீரசிங்கம் ஈரக் கையோடு நின்றார். தீர்ப்புச் சொன்னவரே தீர்ப்பை மறந்துவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

மறுநாள் காலை முருகையாவின் கை வீங்கி மேசைத் தட்டைப் பிடிக்க முடியவில்லை. புதிய கோக்கி பாண் ரொட்டியை வாட்டினான். அதைக் கொண்டுபோய் வைக்க வீரசிங்கத்தைத் தள்ளிவிட்டான். துரை ஒரு துண்டைக் கடித்தார், முகத்தைச் சுளித்தார், கரிந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கோக்கி! இது என்ன? நாளைக்கி நீ வாட்டு. கரி ஆக வாணாம்."

வீரசிங்கம் குசினிக்கு வந்தார். பின்வாசலில் மாரியாயி குடத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா, உள்ள சத்தம் போட்டாரு?"

"திட்டினாரு."

"திட்டு வாங்கிட்டா இப்படிப் பல்லைக் காட்டுற?"

"நாளைக்கின்னு சொன்னாருடி" என்றார் வீரசிங்கம். புதிய கோக்கியை மெல்ல ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, அடுப்பில் இரண்டு விறகை உள்ளே தள்ளினார்.